‘வேணும்’ என்று தொடங்கும் செபம்

புதுநன்மைக்கு உடுப்புத் தைக்க அளவு கொடுக்க வரும்போதுதான் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள். கௌதள்ளியில் என் தையல் கடை. அம்மாவோ பாட்டியோ பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நான் டேப்பைத் தோளில் வைத்து, குனிந்து, எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டிருப்பேன். அந்த நேரம் பார்த்துக் கேள்வி வரும். போன வருடம் ஒரு சிறுமி, “மாமா, நற்கருணை அப்பத்துல உப்பு இருக்குமா?” என்றாள். இருக்காது, வெறும் கோதுமை மாவும் தண்ணியும்தான் என்றேன். “அப்ப சரி. பாட்டிக்குப் பிரஷரு. உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு. வாராவாரம் வாங்கித் திங்குதே, அதான் கேட்டேன்.”

இதே சிறுமி ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் ஆறு மாதமாக என் எதிரே உட்கார்ந்திருந்தாள். நற்கருணை பற்றி நான்கு பாடம் எடுத்திருந்தேன். “கேள்வி இருக்கா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். இல்லை என்று எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கை வேலையில் இருந்தபோதுதான் அவளுக்குக் கேட்கத் தோன்றியது. அதிலிருந்து வகுப்பிலும் கையில் ஏதாவது வைத்துக்கொள்கிறேன். பொத்தான் கட்டுவேன், பீடச் சிறுவர்களின் அங்கியில் பிரிந்த மடிப்பைத் தைப்பேன். பங்குச் சாமியார் முதலில் பார்த்துவிட்டு, “என்ன உபதேசியாரே, இங்கேயும் கடையா?” என்றார். இப்போது கேட்பதில்லை.

எங்கள் ஊர் கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்கள் ஊர் இருந்த கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டம். பிறகு மைசூரு மாவட்டமானது. 1997இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதோடு போனோம். மறைமாவட்டம் மட்டும் மாறவில்லை, அதனால் சபைக் காரியம் எதுவானாலும் எங்களுக்கு இன்னும் மைசூர்தான். மார்டள்ளிப் பக்கமும் இங்கேயும் தமிழ் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். நான் ‘மாமா’, வகுப்புக்குள் வந்துவிட்டால் ‘மேஷ்ட்ரே’.

நான் வகுப்பு எடுக்க ஆரம்பித்தது 1996இல். அப்போது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யாரும் வீட்டை விட்டு வெளியே வர மாட்டார்கள். காட்டுக்குள் சந்தனக் கடத்தல்காரனைத் தேடிப் போலீஸ் சுற்றிய வருடங்கள் அவை. ஏரோது அரசன் குழந்தைகளைக் கொன்ற கதையைச் சொல்லிப் படம் வரையச் சொன்னேன். ஒருவன் படைவீரர்களுக்குப் பச்சை உடுப்பும் தோளில் துப்பாக்கியும் போட்டு வரைந்திருந்தான். நான் ஏன் என்று கேட்கவில்லை. தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். அந்தக் கதை அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. செபங்களைக் கன்னட எழுத்தில் தமிழாகவே எழுதிக் கொடுக்கிறோம். கேட்க எளிதாக இருக்கும், உட்கார்ந்து எழுதினால்தான் வேலை தெரியும். தமிழில் ஒரே ‘க’. கன்னடத்தில் எழுதும்போது அது எந்தச் சத்தம் என்று நான் முடிவு செய்ய வேண்டும். பரலோகம் என்றால் ஒரு எழுத்து, கடவுள் என்றால் வேறு எழுத்து. ‘ழ’வுக்குப் பழங்கன்னடத்தில் எழுத்து உண்டு, இன்றைய அட்டவணையில் இல்லை. அதனால் எங்கள் நோட்டில் ‘வாழ்க’ என்பது ‘வாள்க’. ‘புகழ்’ என்பது ‘புகள்’. ஒரு முறை தமிழ்நாட்டிலிருந்து தியானம் கொடுக்க வந்த ஒருவர் பிள்ளைகள் செபம் சொல்வதைக் கேட்டு முகம் சுளித்தார். முதலில் உச்சரிப்பைத் திருத்துங்கள், பிறகு பக்தி என்றார். வெயில் நேரம், விருந்தாளி. மோர் கொடுத்து அனுப்பினேன்.

உச்சரிப்பைவிட எனக்குக் கவலை வேறு இடத்தில். ஒரே வீட்டில் பாட்டி ‘சர்வேசுரன்’ என்பார், அம்மா ‘ஆண்டவர்’ என்பார், பூசைப் புத்தகத்தில் ‘இறைவன்’ என்றிருக்கும். பிள்ளை ‘தேவரு’ என்னும், அல்லது ‘சாமி’. சாமி என்றால் மேலே இருப்பவரா, ஸ்கூட்டரில் வரும் பங்குச் சாமியாரா என்று ஒரு பொடியன் நிஜமாகவே குழம்பினான். இத்தனை பெயருக்கும் பொதுவாக ஒன்று உண்டு: கோவிலில் கடவுளை ‘நீர்’ என்று கூப்பிடுகிறோம். ‘உம்மை’, ‘உமது’, ‘தாரும்’. எங்கள் வீடுகளில் யாரும் யாரையும் ‘நீர்’ என்பதில்லை. அப்பாவை ‘நீங்க’, அம்மாவை ‘நீ’. எனவே ‘நீர்’ என்பது பிள்ளைக்கு யாரும் பேசாத ஒரு பாஷை, வெள்ளை உடுப்பைப் போல. அதைப் போட்டுக்கொண்டு ஓடவோ விழவோ முடியாது.

நான் ‘நீரை’ ஒழிக்கச் சொல்லவில்லை. சபையோடு சேர்ந்து சொல்லும்போது அதற்கு ஒரு நிமிர்வு இருக்கிறது. அதற்குக் கீழே பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு ‘நீ’ இருக்க வேண்டும். பயந்தால், அழுதால், ராத்திரி விழித்துக்கொண்டால் எந்தப் பாஷையில் அது கூப்பிடுகிறதோ, அந்தப் பாஷையில் கடவுளோடு அதற்குப் பேச்சு இருக்கிறதா? இவ்வளவு வருடமாக நான் தேடிக்கொண்டிருப்பது அதைத்தான். மற்றதெல்லாம் பாடம்.

எனக்கு அப்படி யாரும் தேடவில்லை. ‘சின்னக் குறிப்பிடம்’ என்ற சின்னப் புத்தகத்தில் கேள்வியும் பதிலும் இருக்கும். ஒரு சொல் பிசகினால் கோவில் வாசல் சரளைக்கல்லில் முட்டி போட வேண்டும். அந்த உபதேசியார் கெட்டவர் அல்ல, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் ரொம்ப நாளைக்குச் சர்வேசுரன் என்றவுடன் எனக்கு முட்டி வலித்தது. அதற்காக மனப்பாடமே வேண்டாம் என்று சொல்லும் புதுக்கட்சியிலும் நான் சேரவில்லை. என் அம்மா கடைசிக் காலத்தில் என்னையே மறந்துவிட்டார். செபமாலையைக் கையில் கொடுத்தால் மங்கள வார்த்தை மந்திரம் பிசகாமல் வந்தது. சிறுவயதில் காதால் உள்ளே போனது அது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

தப்பும் செய்திருக்கிறேன். வகுப்புக்கு வந்த புதிதில் சுவரில் பெரிய அட்டை ஒட்டி, செபம் ஒப்பித்தவர்களுக்கு நட்சத்திரம் ஒட்டினேன். ஒரு பெண் பிள்ளைக்கு விசுவாசப் பிரமாணம் பாதிக்கு மேல் வரவே வராது. அவள் பெயருக்கு எதிரே வெறும் கட்டம். எல்லோர் முன்னாலும், “உனக்கு மட்டும் ஏன் ஏறல?” என்று கேட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது: அப்பா அம்மா கல் குவாரி வேலைக்கு வெளியூர் போயிருக்கிறார்கள், வீட்டில் தம்பி தங்கைக்குச் சோறு பொங்குவது அவள்தான். அட்டையைக் கிழித்தேன். அவள் திரும்பி வரவில்லை. இது நடந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பரிசு, நட்சத்திரம், வருகைக்கு மதிப்பெண் என்று யாராவது யோசனை சொன்னால் இன்றும் எனக்கு அந்த வெறும் கட்டம்தான் ஞாபகம் வரும்.

புனித சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்கும் தமிழ் தெரியாது. இரண்டு பாஷையும் தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் கற்றதை வீட்டில் போய்ப் பெற்றவர்களுக்குச் சொன்னார்கள். நோயாளிகளைப் பார்க்கத் தனக்கு நேரம் போதாதபோது சிறுவர்களையே செபம் சொல்ல அனுப்பினார். இது பலரும் அறிந்ததுதான். எனக்குப் பிடித்தது வேறொன்று. 1544இல் தன்னோடு வேலை செய்த மன்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவாசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று பழக்கிவிட்டார்களாம், அதை மாற்றச் சொல்கிறார். அதாவது கொஞ்ச காலம் அந்தக் கடற்கரைப் பிள்ளைகள் கடவுளை நம்புகிறோம் என்பதற்குப் பதிலாகக் கடவுள் வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

திருத்தம் சரிதான், தவறென்று சொல்ல நான் யார். ஆனால் என் அனுபவத்தில் பிள்ளை ‘வேணும்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. ‘விசுவாசம்’ அதற்குப் பின்னால் நடந்து வந்து சேரும், சில சமயம் பத்து வருடம் கழித்து. முதல் சொல்லைப் பிடுங்கிக்கொண்டால் இரண்டாவது சொல் வந்து உட்கார இடமே இருக்காது.

நம்ம சபையைச் சேராதவர், இருந்தாலும் சீகன்பால்குவையும் சொல்லிவிடுகிறேன். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியவர் ஒரு வயதான வாத்தியாரைப் பள்ளிக்கூடத்தோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். சொல்லிக் கொடுக்க வந்தவர் முதலில் பிள்ளைகளின் வகுப்பில் உட்கார்ந்தார். எனக்கு அந்த மணல்தான் முக்கியம். அவர் எழுதியது தப்பு என்று பக்கத்திலிருந்த பொடியன் சிரித்திருக்க மாட்டானா?

வகுப்பு முடிவில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வரி செபம் சொல்கிறோம். ஆரம்பத்தில் கேட்கச் சகிக்கவில்லை. ஏழு வயசுப் பையன் திருத்தந்தைக்காகவும் உலக சமாதானத்துக்காகவும் நாட்டுத் தலைவர்களுக்காகவும் மன்றாடினான். பூசையில் பெரியவர்கள் வாசிப்பதை அப்படியே திருப்பிச் சொன்னான். நல்ல பையன் என்று பாராட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் பாராட்டவில்லை, திருத்தவும் இல்லை. என் முறை வந்தபோது, “கடைத் தையல் மிஷின் பெல்ட் அறுந்துருச்சு, சம்பாத்தியம் இல்ல, என்ன செய்யறதுன்னு தெரியல” என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதையெல்லாம் சொல்லலாமா?

அப்புறமும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. நான்கைந்து மாதம் உலக சமாதானமே ஓடியது. ஒரு ஞாயிறு, எப்போதும் பேசாத ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு, “எங்க நாயி குட்டி போடப்போகுது. நீ பாத்துக்கோ. போன தடவ ரெண்டு செத்துப்போச்சு” என்றான். ‘நீ.’ அவனுக்கு அது தெரியவே தெரியாது, எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் ஒருத்தி சிரித்தாள். நான் அவளைப் பார்க்காமல் ஊசியில் நூல் கோத்தேன். அதற்கடுத்த வாரங்களில் குடிக்கிற அப்பா வந்தார், தொலைந்த அழிரப்பர் வந்தது, கேரளாவுக்கு வேலைக்குப் போன அக்கா வந்தாள். வட்டத்தில் சொன்னதை வெளியே யாரும் யாரிடமும் பேசக் கூடாது என்பது விதி. விதியை வைத்ததும் பிள்ளைகள்தான். அடிபட்ட விஷயமோ, யாரோ தொட்ட விஷயமோ என்றால் மட்டும் அந்த விதி என்னைக் கட்டாது என்று அவர்களிடமே சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 சட்டம் வந்த பிறகு சொல்ல ஆரம்பித்ததல்ல இது. ஆனால் சட்டம் வந்த பிறகு சொல்ல எளிதாயிற்று. கதவு எப்போதும் திறந்திருக்கும், இன்னொரு பெரியவர் திண்ணையில் இருப்பார்.

முதல் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார் செய்வதுதான் இருப்பதிலேயே கஷ்டம். திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1910இல் புத்தி விவரம் தெரிந்த வயதில், ஏறக்குறைய ஏழு வயதில், பிள்ளைகளுக்கு நற்கருணை கொடுக்கலாம் என்று வழி திறந்தார். அதற்கு முன் பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயதாகும் வரை காக்க வைத்தார்கள். திறந்த வழியில் முதலில் நிற்பது பாவசங்கீர்த்தனம். ஏழு வயசுப் பிள்ளையிடம் பாவம் என்றால் என்ன என்று எப்படிச் சொல்வது? நரகத்தின் படத்தை மாட்டி வைத்துச் சொன்னவர்கள் உண்டு. நான் மாட்டுவதில்லை. “பாவம்னா என்ன, யாருக்குத் தெரியும்?” என்று கேட்டேன். ஒரு பெண் கையைத் தூக்கினாள்: “ரோட்டுல நாய் அடிபட்டுக் கெடந்தா சொல்றது, மேஷ்ட்ரே.”

நான் பத்துக் கட்டளைகளுக்குத் தயாராக வந்திருந்தேன். புத்தகத்தை மூடிவிட்டு, “யாரை யாரைப் பாத்துப் பாவம்னு சொல்லியிருக்கீங்க?” என்று கேட்டேன். பட்டியல் நீண்டது. வகுப்பில் திக்கிப் பேசும் பையன், கன்று செத்த பசு, வாத்தியாரிடம் அடி வாங்கிய அண்ணன். “அப்படிப் பாவம்னு தோணியும் நீங்க சும்மா இருந்தது எப்போ?” சத்தம் நின்றுவிட்டது. அந்த வருடப் பாவசங்கீர்த்தனத்துக்குப் பிள்ளைகள் வேறு மாதிரி முகத்தோடு போனார்கள். திக்கிப் பேசும் பையனுக்கு அந்த வாரம் மூன்று பேர் பேனா கொடுத்தார்கள். ஒரு பேனா போதும் என்று அவன் இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ரோமில் சோபியா கவாலெட்டி என்ற அம்மாள் 1954இல், மாண்டிசோரி பயிற்சி பெற்ற ஜியான்னா கோபியோடு சேர்ந்து, பிள்ளைகளுக்கு நல்ல ஆயன் உவமையை மரப் பொம்மைகளை வைத்துச் சொல்லிக் கொடுக்கும் முறையைத் தொடங்கினார். மாண்டிசோரி அம்மையாரே நம்ம பக்கத்தில், அடையாற்றிலும் கொடைக்கானலிலும், யுத்த வருடங்களில் இருந்தவர்தான். அந்த முறையைப் பற்றி எங்கள் சிஸ்டர் ஒருவர் சொன்னார்: பொம்மையைப் பிள்ளை கையில் கொடு, நீ பேசாதே. சரி என்று வெட்டுத் துணியை அடைத்துப் பதினோரு ஆடும் ஒரு ஆயனும் தைத்தேன். ஆயன் முன்னால் நடக்கிறார், ஆடுகள் குரல் அறிந்து பின்னால் போகின்றன. யோவான் சொன்னபடி வைத்தேன்.

ஆடு மேய்க்கிற வீட்டுப் பையன் ஒருவன் குந்தி உட்கார்ந்து பார்த்தான். ஆயனைத் தூக்கிக் கடைசியில் வைத்தான். “நம்ம ஊர்ல பின்னாடிதான் போவாங்க. முன்னாடி போனா ஆடு காட்டுக்குள்ள பூந்துரும்.” நான் பேசவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தான். மறுபடி ஆயனை எடுத்து முன்னால் வைத்தான். “ஆனா யானை வந்தா முன்னாடி போறவனத்தான் மொதல்ல பாக்கும்.” அவ்வளவுதான். எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். அடுத்த ஞாயிறு நான் பொம்மைகளை எடுத்தபோது ஆயன் முன்னாலேயே நின்றார். யாரும் இடம் மாற்றவில்லை.

சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகும் கூட்டம் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகும். “உகே மாதப்பா” சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்கும். எங்கள் பிள்ளைகளின் கூட்டாளிகளும் அதில் போவார்கள். ஒருத்தி கேட்டாள்: “மாதப்பாவும் நம்ம சாமியும் பேசிக்குவாங்களா?” இதற்குப் பதில் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இரண்டு பக்கமும். நான், “நடந்து வர்றவங்களுக்குக் கால்ல கொப்புளம், அது எனக்குத் தெரியும்” என்றேன். ரோட்டோரம் குடத்தில் தண்ணீர் வைத்தோம். சுமந்து வந்தது அவளும் அவள் தம்பியும். கேள்வியை அவள் விடவில்லை. இன்னும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கேட்கிறாள். கேட்கட்டும். பதில் சொல்லி அனுப்பிவிட்டால் அப்புறம் என்னிடம் வர மாட்டாள்.

புரொஜெக்டர் வாங்கலாம் என்று இளைஞர் குழு சொல்கிறது. வாங்கட்டும், கிறிஸ்துமஸ் படம் போட உதவும். ஆனால் வகுப்பில் எனக்கு வேண்டியது மௌனம். பிள்ளைகளுக்காக நடத்தும் திருப்பலிக்கென்று ரோமிலிருந்து 1973இல் வந்த வழிகாட்டியில்கூட, பிள்ளைகளின் பூசையிலும் மௌனத்துக்கு இடம் வேண்டும் என்று இருக்கிறது. பிள்ளைகள் அமைதியாக இருக்க மாட்டார்கள் என்று நினைப்பது பெரியவர்களுக்குத்தான் வசதி. நான் ஊசியைக் கீழே வைத்தால் அவர்களுக்குத் தெரியும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். மூக்கு உறிஞ்சுவது கேட்கும், கூரையில் குரங்கு ஓடுவது கேட்கும்.

போன நவம்பரில் ஒரு ஞாயிறு, வானம் இருட்டிக்கொண்டு நின்றது. ஊரில் கேழ்வரகு அறுப்பு ஆரம்பமாகியிருந்தது. வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று தார் ரோட்டில் கதிரைப் பரப்பியிருந்தார்கள். வட்டத்தில் ஒரு பையன், “இன்னிக்கு மழ வேணாம். ராகி ரோட்டுல கெடக்குது, நனைஞ்சா போச்சு. வேணாம்” என்றான். அவனுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள் பிந்தி விதைத்த கொள்ளுக் காட்டுக்காரி. அவள் கண்ணைத் திறந்து அவனை முறைத்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். “மழ வேணும். நெறைய வேணும். பூ எடுத்துருச்சு, இன்னிக்குப் பெய்யலன்னா கருகிடும். அவன் சொல்றத கேக்காத.”

“நீதான் சொல்லாத!”

“மேஷ்ட்ரே, பாருங்க!”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. என்னிடம் கேட்கவில்லையே, அவரிடம்தானே கேட்டீர்கள் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. வகுப்பு முடிந்து மணி அடித்ததும் எல்லோரும் வெளியே ஓடினார்கள். சிறிது நேரத்தில் தூறல் விழுந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு ரோட்டுக்கு வந்தபோது, அந்தப் பையன் வீட்டுக் கதிரை வாரிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கொள்ளுக் காட்டுக்காரி நின்றாள். மேலே அண்ணாந்து பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.